திரும்பிச் செல்லும் கடன்: அமெரிக்கப் பரிமாற்ற விசாவும் நிரந்தர வசிப்பாளருடனான திருமணமும் (1948–2024)

முன்னுரை

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துக்கு இரண்டு அக்கறைகள் உண்டு. கணவனும் மனைவியும் பிரிந்திருக்கக் கூடாது என்பது ஒன்று. அறிவைப் பகிர அழைக்கப்பட்டவர் கற்றதைக் கொண்டு தம் நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது மற்றொன்று. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில் வந்தவர், அந்நாட்டில் கிரீன் கார்டு வைத்திருக்கும் ஒருவரை மணக்கும்போது இந்த இரண்டு நியாயங்களும் ஒரே வீட்டுக்குள் மோதிக்கொள்கின்றன. நிரந்தர வசிப்பாளரின் துணை என்ற முறையில் அவருக்கு விசா வரிசையில் இடம் உண்டு. பரிமாற்ற வருகையாளர் என்ற முறையில், இரண்டு ஆண்டுகள் தம் நாட்டில் வாழ்ந்து முடிக்கும்வரை அந்த இடத்தைப் பயன்படுத்த முடியாமலும் போகலாம்.

இந்த மோதல் எப்படி உருவாயிற்று, எந்தெந்தக் காலத்தில் தளர்ந்தது, யாருக்காகத் தளர்ந்தது என்பதை 1948 முதல் 2024 வரையிலான சட்டங்கள், நிர்வாக முடிவுகள், நீதிமன்றத் தீர்ப்புகள் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. திருமணத்துக்காக இந்த முடிச்சில் வைக்கப்பட்ட வழி 1961-இல் எழுதப்பட்ட ஒன்றே. அதன் அளவுகோல் இன்றுவரை மாறவில்லை. பின்னர் வந்த தளர்வுகள் பெரும்பாலும் அரசுகளின் தேவை மாறியதால் வந்தவை. இதுவே கட்டுரையின் வாதம்.

1. திரும்பும் விதி இல்லாத காலம் (1946–1956)

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க இராணுவத்தின் உபரிப் பொருள்கள் பல நாடுகளில் குவிந்து கிடந்தன. அவற்றை விற்று வரும் பணத்தைக் கல்விப் பரிமாற்றத்துக்குச் செலவிடலாம் என்ற ஆர்கன்சா மாநில செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட்டின் யோசனை 1946 ஆகஸ்ட் 1 அன்று சட்டமாயிற்று. 1948 ஜனவரியில் வந்த ஸ்மித்-முண்ட் சட்டம் இதை உலகளாவிய திட்டமாக விரித்தது. இந்தியாவுடனான ஃபுல்பிரைட் ஒப்பந்தம் 1950 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தானது.

1948 சட்டத்தின் கீழ் வந்தவர்களுக்கெனத் தனி விசா வகை கிடையாது. தற்காலிக வருகையாளர்களாகவே அவர்கள் அனுமதிக்கப்பட்டார்கள். திரும்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தாலும், திரும்பியே ஆகவேண்டும் என்ற தனிக் கட்டாயத்தைச் சட்டம் விதிக்கவில்லை.

இதே காலத்தில் வேறொரு கதவும் திறந்தது. அதற்கு முன்பு, அமெரிக்காவுக்குள் தற்காலிகமாக இருப்பவர் நிரந்தர வசிப்புரிமை பெற வேண்டுமானால் நாட்டைவிட்டு வெளியேறி, வெளியில் உள்ள தூதரகத்தில் குடியேற்ற விசா வாங்கித் திரும்ப வேண்டும். 1935 முதல் ‘முன்பரிசோதனை’ என்ற ஏற்பாட்டின்படி பலர் கனடா சென்று விசா பெற்று வந்தார்கள். 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இந்த அலைச்சலை நீக்கியது. அதன் 245-ஆம் பிரிவு, நாட்டுக்குள் இருந்தபடியே நிரந்தர வசிப்பாளராக மாறும் ‘நிலைச் சீரமைப்பு’ முறையைக் கொண்டுவந்தது. தமிழில் பலரும் இதையும் ‘நிலை மாற்றம்’ என்றே சொல்கிறார்கள். ஒரு தற்காலிக விசாவிலிருந்து இன்னொரு தற்காலிக விசாவுக்கு மாறும் 248-ஆம் பிரிவு இதிலிருந்து வேறுபட்டது. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

கதவு திறந்திருந்தாலும் ஆசியர்களுக்கு நுழைவழி குறுகல்தான். 1946-இல் வந்த லூஸ்-செல்லர் சட்டம் இந்தியாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் ஆண்டுக்குத் தலா 100 இடங்களை ஒதுக்கியது. 1952 சட்டத்தின்படி அமெரிக்கக் குடிமகனின் துணைக்கு ஒதுக்கீடு தடையில்லை. நிரந்தர வசிப்பாளரின் துணையோ அந்தந்த நாட்டு ஒதுக்கீட்டுக்குள், மூன்றாம் முன்னுரிமையில் காத்திருக்க வேண்டும். குடிமகனின் துணைக்கும் வசிப்பாளரின் துணைக்கும் இடையே இன்றுள்ள இடைவெளியின் வேர் இங்கே இருக்கிறது.

2. இரண்டாண்டு விதியின் பிறப்பு (1956)

பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர்கள் நிலைச் சீரமைப்பு வழியே தங்கிவிடத் தொடங்கியதும், திட்டத்தின் நோக்கமே கெடுகிறது என்ற கவலை அமெரிக்கக் காங்கிரசில் எழுந்தது. 1956 ஜூன் 4 அன்று ஸ்மித்-முண்ட் சட்டம் திருத்தப்பட்டது. பரிமாற்ற வருகையாளர் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு, திட்டத்தில் ஒத்துழைக்கும் நாடு ஒன்றிலோ பலவற்றிலோ இரண்டு ஆண்டுகள் இருந்த பிறகே குடியேற்ற விசாவுக்கோ நிலைச் சீரமைப்புக்கோ தகுதி பெறுவார் என்று அது சொன்னது.

விலக்குப் பெற ஒரே வழிதான் இருந்தது. அமெரிக்க அரசுத் துறை ஒன்று, இவர் எங்களுக்குத் தேவை என்று கேட்க வேண்டும்; பொதுநலன் கருதி வெளியுறவுச் செயலர் பரிந்துரைக்க வேண்டும். மனைவி, கணவன், குழந்தை என்ற சொற்களுக்கு அந்த விலக்கில் இடமே இல்லை.

இந்த விதி நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதற்குப் பிலிப்பைன்ஸ் செவிலியர்களின் வரலாறு சிறந்த சான்று. 1956 முதல் 1969 வரை 11,000-க்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் செவிலியர்கள் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்கா சென்றதாக வரலாற்றாய்வாளர் கேத்தரின் செனிசா சோய் எழுதியிருக்கிறார். கலாசாரப் பரிமாற்றம் என்ற பெயரில் அவர்களைப் பெற்ற மருத்துவமனைகள் பல, குறைந்த உதவித்தொகையில் முழுநேரச் செவிலியர் வேலையை வாங்கிக்கொண்டன. அமெரிக்காவுக்குச் செவிலியர் பற்றாக்குறை. செவிலியர்களுக்கு அங்கே தங்கும் விருப்பம். சட்டத்துக்கோ அவர்கள் திரும்ப வேண்டும். இரண்டு ஆண்டுகளைச் சொந்த நாட்டில்தான் கழிக்க வேண்டும் என்று சட்டம் அப்போது வற்புறுத்தாததால், கனடா போன்ற மூன்றாம் நாட்டுக்குச் செல்லும் வழியையும் சிலர் நாடினார்கள்.

3. திருமணத்துக்குத் திறந்த சிறு கதவு (1961)

1961 செப்டம்பர் 21 அன்று நிறைவேறிய ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம், சிதறிக் கிடந்த பரிமாற்றச் சட்டங்களை ஒன்றாக்கியது. ‘ஜே’ என்ற விசா எழுத்து இதில்தான் பிறந்தது. இரண்டாண்டு விதி குடியேற்றச் சட்டத்துக்குள் 212(இ) என்ற உட்பிரிவாக வந்து அமர்ந்தது. குடும்பத்தைப் பற்றிய ஒரு வாசகமும் முதன்முறையாகச் சேர்ந்தது. வருகையாளர் நாட்டைவிட்டுச் செல்வதால் அவருடைய துணைக்கோ குழந்தைக்கோ ‘அசாதாரண இன்னல்’ நேருமானால் விலக்கு அளிக்கலாம். அந்தத் துணையோ குழந்தையோ அமெரிக்கக் குடிமகனாகவோ சட்டப்படியான நிரந்தர வசிப்பாளராகவோ இருக்க வேண்டும்.

இந்த வாசகத்தில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கிரீன் கார்டு வைத்திருப்பவரின் இன்னலும் குடிமகனின் இன்னலும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. விசா வரிசையில் பின்தள்ளப்பட்ட வசிப்பாளருக்கு இங்கே சமநிலை கிடைத்தது. இரண்டாவது, இன்னல் யாருடையது என்பது. வருகையாளர் தாம் படும் பாட்டைச் சொல்லி இந்த வழியில் விலக்குக் கேட்க முடியாது; துணைக்கும் குழந்தைக்கும் நேர்வது மட்டுமே கணக்கில் வரும்.

கதவைத் திறந்த அதே கை, அதை அகலத் திறக்கவும் விடவில்லை. இந்தச் சட்டத்தையொட்டிப் பிரதிநிதிகள் அவை அளித்த அறிக்கை, இரண்டாண்டு விதி கண்டிப்புடன் நிறைவேற்றப்பட வேண்டும் என்றது. அமெரிக்காவில் நடந்த திருமணத்தையோ பிறந்த குழந்தையையோ காரணம் காட்டும் விண்ணப்பங்களில் தாராளம் காட்டுவது திட்டத்தின் நோக்கத்துக்குக் கேடு என்றும் எச்சரித்தது. திருமணத்தின் பேரில் விலக்கு உண்டு. ஆனால் திருமணம் மட்டும் போதாது. பின்வந்த முடிவுகள் எல்லாவற்றின் மேலும் இந்த அறிக்கையின் நிழல் விழுந்திருக்கிறது.

4. ‘அசாதாரணம்’ என்பதன் அளவுகோல்

1965-இல் வெளியான நிர்வாக முடிவுகள் இந்தச் சொல்லுக்கு உருவம் கொடுத்தன. கேள்வி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. துணை கூடவே சென்று இரண்டு ஆண்டுகள் அந்த நாட்டில் வாழ்ந்தால் அசாதாரண இன்னல் நேருமா? துணை அமெரிக்காவிலேயே தங்கிவிட்டால் நேருமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று நிறுவ வேண்டும். ஒன்றில் தவறினாலும் விலக்கு இல்லை. தற்காலிகப் பிரிவு வலிதருவது உண்மைதான். அது எல்லோருக்கும் வரும் வலி, அசாதாரணமன்று என்பதும் அக்காலத்தில் நிலைபெற்ற கருத்து. 1982-இல் வாஷிங்டன் நகரக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், இரண்டாண்டுப் பிரிவில் வழக்கமாக எதிர்பார்க்கக்கூடிய கவலை, தனிமை, பணநெருக்கடி ஆகியவற்றை விஞ்சும் துன்பத்தைக் காட்ட வேண்டும் என்று விளக்கியது.

கிரீன் கார்டு துணைக்கு இந்த இருமுனைச் சோதனை ஒரு தனி வடிவம் எடுக்கிறது. குடிமகன் எத்தனை ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்தாலும் குடிமகன்தான். நிரந்தர வசிப்பாளர் ஓராண்டுக்கு மேல் வெளியில் தங்குவதானால் மறுநுழைவு அனுமதி தேவை. அதன் ஆயுள் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். குடியுரிமை பெறத் தேவையான தொடர் வசிப்பும் நீண்ட பயணத்தால் அறுபடும். கூடவே செல்வது என்பது அவருக்குத் தம் சொந்த நிலையையே ஆபத்தில் வைக்கும் செயல்.

இருவரும் வெவ்வேறு நாட்டவராக இருந்தால் சிக்கல் இன்னும் முறுகும். இந்தியாவிலிருந்து ஜே-1 விசாவில் வந்தவரைப் பாகிஸ்தான் குடியுரிமை கொண்ட ஒரு கிரீன் கார்டுக்காரர் மணந்தால், அவர் இந்தியாவில் இரண்டு ஆண்டுகள் தங்குவது அத்தனை எளிதா? இலங்கையிலிருந்து வந்து புகலிடம் பெற்று நிரந்தர வசிப்பாளரான ஒரு தமிழர், கொழும்பிலிருந்து பரிமாற்ற விசாவில் வந்தவரை மணந்தால், அஞ்சி ஓடிவந்த நாட்டுக்கே துணைக்காகத் திரும்ப வேண்டுமா? இவ்வகைச் சூழல்களில்தான் சோதனையின் முதல் முனை வலுப்பெறுகிறது. கடும் நோய், சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் குழந்தை போன்றவை இரண்டாம் முனையை வலுப்படுத்தும்.

விண்ணப்பம் கடக்க வேண்டிய வாசலும் இரண்டு. ஐ-612 படிவத்தின்மேல் இன்னல் உண்டா என்று முதலில் குடியேற்றத் துறை தீர்மானிக்கிறது. பிறகு கோப்பு வெளியுறவுத் துறைக்குச் செல்கிறது. அங்கே திட்டத்தின் நோக்கமும் வெளியுறவு நலனும் இன்னலுக்கு எதிரே நிறுத்தப்படுகின்றன. அங்கிருந்து சாதகமான பரிந்துரை வராவிட்டால் குடியேற்றத் துறை விலக்கு அளிக்க இயலாது. குடும்பத்தின் துன்பம் மெய்ப்பிக்கப்பட்ட பிறகும் கடைசிச் சொல் வெளியுறவுக் கொள்கையிடம் இருக்கிறது.

5. யார் திரும்ப வேண்டும்? (1970, 1976)

1960-களின் இறுதியில், பரிமாற்றத்தில் வந்த எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டுவது பொருந்தாது என்ற எண்ணம் வலுத்தது. 1970 ஏப்ரல் 7 அன்று வந்த திருத்தம் விதியை இரண்டு வகையினருக்குச் சுருக்கியது. அமெரிக்க அரசின் பணத்திலோ தம் நாட்டு அரசின் பணத்திலோ வந்தவர்கள் ஒரு வகை. தம் நாட்டுக்கு மிகத் தேவையான துறைகளில் பயிற்சி பெற வந்தவர்கள் மற்றொரு வகை. இந்த இரண்டிலும் சேராதவர் கிரீன் கார்டுக்காரரை மணந்தால் 212(இ) குறுக்கே வராது.

விலக்குக்கும் இரண்டு புதிய வழிகள் பிறந்தன. இனம், மதம், அரசியல் கருத்துக் காரணமாகத் துன்புறுத்தப்படும் அச்சம் ஒன்று. சொந்த நாட்டு அரசு ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று எழுதித் தருவது இன்னொன்று. அதே திருத்தம் வேறொரு பக்கம் இறுக்கவும் செய்தது. இரண்டு ஆண்டுகளை மூன்றாம் நாட்டில் கழிக்கும் வழி அடைக்கப்பட்டது. சொந்த நாடு அல்லது கடைசியாக வசித்த நாடு என்று விதி உறுதியானது.

எந்த நாட்டுக்கு எந்தத் துறை தேவை என்பதைச் சொல்லும் ‘திறன் பட்டியல்’ 1972-இல் வெளியாயிற்று. பின்னர் 1984, 1997, 2009 ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 1976-இல் வந்த மருத்துவக் கல்விச் சட்டம் மூன்றாவது வகையைச் சேர்த்தது. 1977 ஜனவரி 10 முதல், மருத்துவ மேற்பயிற்சிக்காக ஜே விசாவில் வரும் மருத்துவர் அனைவரும், பணம் யாருடையதாயினும், இரண்டாண்டு விதிக்கு உட்பட்டனர். ஆட்சேபணையின்மைக் கடிதம் அவர்களுக்கு மட்டும் செல்லாது என்றும் ஆயிற்று.

இந்தியரைப் பொறுத்தவரை ஆட்சேபணையின்மைக் கடிதத்துக்கு ‘நோரி’ என்ற வழக்குப் பெயரே நிலைத்துவிட்டது. ‘இந்தியா திரும்பும் கடப்பாடு இல்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. மாநில அரசு, மத்தியக் கல்வித் துறை, கடவுச்சீட்டு அலுவலகம் என்று ஒவ்வொரு படியாக ஒப்புதல் வாங்கி, அமெரிக்காவிலுள்ள இந்தியத் தூதரகம் வழியே கடிதம் அமெரிக்க வெளியுறவுத் துறைக்குப் போய்ச் சேரும். இன்னலை மெய்ப்பிப்பதைவிடப் பலருக்கு இந்த அலுவலக அலைச்சலே கைகூடும் வழியாக இருந்தது. கணவனின் நோயையும் மனைவியின் மனச்சோர்வையும் அதிகாரியின் மேசையில் பரப்ப வேண்டியதில்லை. அரசுப் பணத்தில் வந்தவர்களுக்கு இந்த வழியில் பரிந்துரை கிடைப்பது அரிது.

6. வரிசையும் நிலையும்: கிரீன் கார்டு துணையின் தனிச் சிக்கல்

212(இ) பொருந்தாதவருக்கும் விலக்குப் பெற்றவருக்கும் பாதை அத்துடன் முடிவதில்லை. குடும்ப வரிசை தொடங்குவது அங்கேதான்.

1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் நாட்டுவாரிப் பழைய ஒதுக்கீட்டை ஒழித்து, நிரந்தர வசிப்பாளரின் துணைக்கும் மணமாகாத பிள்ளைகளுக்கும் இரண்டாம் முன்னுரிமையைத் தந்தது. கீழைக் கோளத்துக்கான 1,70,000 விசாக்களில் இருபது விழுக்காடு அவர்களுக்கு. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வகைக்கு 1,14,200 விசாக்களை ஒதுக்கி, அதில் குறைந்தது 77 விழுக்காடு, அதாவது சுமார் 87,900, துணைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் என்றது. இதுவே ‘எஃப்-2ஏ’ வகை. குடிமகனின் துணைக்கு எண்ணிக்கை வரம்பே இல்லை என்பதோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். 2000-களின் நடுவில் எஃப்-2ஏ வரிசையில் நான்கைந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2019 ஜூலையில் வரிசை முற்றிலும் கரைந்தது. 2023 ஏப்ரலில் மீண்டும் தேங்கியது.

காத்திருக்கும் காலத்தில் எந்த நிலையில் காத்திருப்பது? இந்தக் கேள்விக்கான விடை காலந்தோறும் மாறியது. 1960-இல் வந்த திருத்தம், முறைப்படி நுழைந்தவர் பின்னர் நிலை தவறியிருந்தாலும் 245-ஆம் பிரிவைப் பயன்படுத்தலாம் என்று தளர்த்தியது. 1976-இல் அனுமதியின்றி வேலை செய்தவர்கள் விலக்கப்பட்டார்கள். 1986-இல் நிலை தவறியவர்களும் விலக்கப்பட்டார்கள். இரண்டு தடைகளிலிருந்தும் குடிமகனின் துணைக்கு விடுதலை கிடைத்தது. வசிப்பாளரின் துணைக்குக் கிடைக்கவில்லை. எனவே ஜே-1 காலம் முடிந்து, வரிசை இன்னும் வராத நிலையில் நாட்டில் தங்கிவிடும் ஒருவர் நிலைச் சீரமைப்புக்கான தகுதியை இழப்பார். 2000 டிசம்பரில் உருவான ‘வி’ விசா, மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த துணைகளை உள்ளே அழைத்துக்கொள்ள வழி செய்தது. ஆனால் அந்த ஆண்டு டிசம்பர் 21-க்குள் மனு போட்டவர்களுக்கு மட்டுமே அது பயன்பட்டது.

இன்னொரு விசாவுக்கு மாறிக் காத்திருக்கலாமே என்றால், இரண்டாண்டு விதி அங்கும் நிற்கிறது. அந்த விதிக்கு உட்பட்ட ஜே விசாக்காரருக்கு ‘எச்’, ‘எல்’ என்னும் தற்காலிகப் பணி விசாக்கள் கிடையா. 248-ஆம் பிரிவின்படி நாட்டுக்குள் இருந்தபடி வேறு விசாவுக்கு மாறுவதும் தூதரக, பன்னாட்டு அமைப்புப் பணி விசாக்களைத் தவிர ஏறத்தாழ அடைபட்டிருக்கிறது. ஆய்வறிஞருக்கு ஜே-1 அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். விலக்குக்கான பரிந்துரை கிடைத்துவிட்டால் அந்தத் திட்டக்காலத்தை நீட்டிக்கவும் முடியாது. விலக்குப் பெறுவதற்கான முயற்சியே கையிலுள்ள நிலையின் ஆயுளைக் குறைக்கிறது.

ஒரு நுட்பத்தை இங்கே குறிப்பிட வேண்டும். 212(இ) தடுப்பது குடியேற்ற விசாவையும் நிலைச் சீரமைப்பையும்தான். கிரீன் கார்டு துணை ஐ-130 என்னும் குடும்ப மனுவைத் தாக்கல் செய்வதை அது தடுக்கவில்லை. மனு போட்ட நாளிலிருந்து வரிசை நகரும். அந்த நாள்களிலேயே வருகையாளர் தம் நாட்டுக்குச் சென்று இரண்டு ஆண்டுகளைக் கழித்தால், திரும்பும் கடனும் காத்திருப்பும் ஒன்றாகத் தீரும். ஒரே மூச்சாக இருக்கத் தேவையில்லை, கூட்டுத்தொகை இரண்டு ஆண்டுகளானால் போதும். இதற்குள் துணை குடியுரிமை பெற்றுவிட்டால் மனு வரிசையைவிட்டே வெளியேறும். ஆனால் குடியுரிமையும் 212(இ)-ஐக் கரைக்காது. குடிமகனை மணந்தவருக்கும் இரண்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுகள்தான்.

7. தேவை மாறியபோது (1994–2024)

கடைசி முப்பதாண்டுகளில் இந்த விதியில் ஏற்பட்ட இரு பெரும் தளர்வுகளும் திருமணத்தோடு தொடர்பற்றவை. முதலாவது 1994-இல் வந்தது. வடக்கு டகோட்டாவின் செனட்டர் கென்ட் கான்ராட் முன்னெடுத்த திட்டம், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டுகள் பணிபுரிய ஒப்புக்கொள்ளும் வெளிநாட்டு மருத்துவர்களுக்காக, ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 20 விலக்குகளைக் கோர வழிசெய்தது. 2002-இல் இது 30 ஆயிற்று. ஒரு மருத்துவரின் மனைவி படும் இன்னலால் எளிதில் நெகிழாத விதி, ஒரு கிராமத்து மருத்துவமனையின் தேவைக்கு நெகிழ்ந்தது.

இரண்டாவது, 2024 டிசம்பர் 9 அன்று வெளியான புதிய திறன் பட்டியல். நாட்டின் பொருளாதார வளர்ச்சி, அளவு, வெளியேறுவோர் விகிதம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, இந்தியா, சீனா, தென்கொரியா, பிரேசில் உள்ளிட்ட பல நாடுகள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. அது முன்பு வந்தவர்களுக்கும் பொருந்தும். துறைப் பட்டியல் ஒன்றினாலேயே கட்டுண்டிருந்த இந்திய ஆய்வாளருக்கு அந்த நாளோடு விலக்குத் தேவையற்றதாகிவிட்டது. அரசுப் பணம் பெற்றவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் பழைய கட்டு தொடர்கிறது.

முடிவுரை

1956-இல் ஒரே வழியாக இருந்த விலக்கு இன்று ஐந்து வழிகளாகப் பெருகியிருக்கிறது: அரசுத் துறையின் கோரிக்கை, துணை அல்லது குழந்தையின் இன்னல், துன்புறுத்தல் அச்சம், சொந்த நாட்டின் ஆட்சேபணையின்மை, மருத்துவருக்காக மாநிலச் சுகாதாரத் துறையின் வேண்டுகோள். இவற்றில் மூன்று, ஏதேனும் ஓர் அரசு கேட்பதாலோ விடுவிப்பதாலோ திறப்பவை. குடும்பத்துக்கென்று உள்ளது ஒன்று. அது 1961-இல் எழுதப்பட்ட அளவுகோலோடு, 1965-இல் பிரிக்கப்பட்ட இருமுனைச் சோதனையோடு அப்படியே நிற்கிறது. 2024-இல் ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தேவையற்றதாக்கக்கூடிய முடிவு எடுக்கப்பட்டபோது, அதற்கான கணக்கில் பிரிந்து வாழும் தம்பதியர் ஓர் அலகாகக்கூட இடம்பெறவில்லை.

பரிமாற்ற வருகையாளர் பெற்ற அறிவு அவருடைய நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற 1948-இன் எண்ணம் தவறானதல்ல. அந்தக் கடனை அரசுகள் தம் தேவைக்கேற்பத் தள்ளுபடி செய்யவும் வசூலிக்கவும் முடியும்போது, குடும்பத்துக்கு மட்டும் அறுபதாண்டுக்கு முந்தைய எடைக்கல் ஏன் என்பதே கேட்கப்படாமல் இருக்கும் கேள்வி. கூடச் சென்றால் தம் வசிப்புரிமையையும், தங்கிவிட்டால் துணையையும் இழக்கக்கூடிய கிரீன் கார்டுக்காரரைக் குடிமகனோடு ஒரே தட்டில் வைத்த 1961-இன் சமநிலை, வரிசையிலும் 245-ஆம் பிரிவிலும் வரவேயில்லை. அந்தச் சமநிலை அங்கும் வராதவரை, இந்தத் தம்பதியருக்குச் சட்டம் தருவது உரிமை அல்ல, தவணை.